பரம் ருத்ரா யாருக்கு? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜி.எம்.ஆர்.டி. ரேடியோ தொலைநோக்கி பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். 2024 செப்டம்பரில் புணே, டெல்லி, கொல்கத்தா மூன்று இடங்களிலும் பரம் ருத்ரா சூப்பர் கம்ப்யூட்டர்களைத் தொடங்கிவைத்தார்கள், மொத்தம் சுமார் 130 கோடி ரூபாய் என்று அதில் எழுதியிருந்தீர்கள். நான் வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவன். தொகையைக் கண்டால் கணக்குக் கேட்கிற புத்தி இன்னும் போகவில்லை. வானியலுக்கும் இயற்பியலுக்கும் மூன்று எதற்கு, ஒன்று போதாதா? இப்போது எல்லாவற்றையும் க்ளவுடில் வாடகைக்கு எடுக்கிறார்களே, இதை மட்டும் ஏன் வாங்க வேண்டும்? என் மகள் இங்கே ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். அவளைப் போன்றவர்களுக்கு இதில் இடம் உண்டா, பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?

ச.,
திருநெல்வேலி

அன்புள்ள ச.,

வங்கிக்காரர் கேட்கிறீர்கள், கணக்கிலேயே தொடங்குகிறேன். இந்த மாதிரி இயந்திரத்துக்கு உருப்படியான ஆயுள் ஐந்தாறு ஆண்டு. பிறகும் ஓடும், ஆனால் அதே வேலையைப் புதிய இயந்திரம் மிகக் குறைந்த மின்சாரத்தில் முடித்துவிடும். 130 கோடியை ஐந்தாண்டுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 7 லட்சம் சொச்சம். கரண்ட் பில், குளிரூட்டும் செலவு தனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடந்தால் அந்த 7 லட்சம் போனது போனதுதான். எந்த ஒரு ஆய்வுக்குழுவாலும் வருடம் முழுக்க அதற்குத் தீனி போட முடியாது. பலர் சேர்ந்தால்தான் காசுக்குக் கட்டுப்படியாகும்.

அப்படியானால் ஒன்றே போதாதா என்கிறீர்கள். கணக்குகள் ஒரே ஜாதி அல்ல என்பதுதான் சிக்கல். புணே இயந்திரத்துக்கு வேலை கொடுக்கும் ஜி.எம்.ஆர்.டி.யையே எடுத்துக்கொள்வோம். புணேயிலிருந்து 80 கிலோமீட்டர் தள்ளி, கோடத் கிராமத்தைச் சுற்றி 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள். அங்கே தேடுகிற விஷயங்களில் ஒன்று ஃபாஸ்ட் ரேடியோ பர்ஸ்ட்: எங்கோ வேறொரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்து மில்லி நொடிகளில் முடிந்துபோகும் ரேடியோ வெடிப்பு. 2007இல்தான் முதல் வெடிப்பைப் பற்றி உலகுக்குச் சொன்னார்கள். வழிநெடுகச் சிதறிக் கிடக்கும் எலெக்ட்ரான்களைக் கடந்து வரும்போது தாழ்ந்த அதிர்வெண் அலைகள் பின்தங்கிவிடுகின்றன. வானியலாளர்கள் 500 என்று குறிக்கிற அளவு எலெக்ட்ரான்கள் வழியில் இருந்தால், 500 மெகாஹெர்ட்ஸ் அலை வந்து சேர்ந்து கிட்டத்தட்ட 15 நொடி கழித்துத்தான் 300 மெகாஹெர்ட்ஸ் அலை வரும். மில்லி நொடித் துடிப்பு 15 நொடிக்கு இழுபட்டு இரைச்சலோடு இரைச்சலாகக் கரைந்துவிடும். வழியில் எத்தனை எலெக்ட்ரான் என்று முன்கூட்டியே தெரியாது. ஆயிரக்கணக்கான அளவுகளை ஊகித்து, ஒவ்வோர் ஊகத்துக்கும் எல்லா அலைவரிசைகளையும் நகர்த்திச் சேர்த்து, எங்காவது துடிப்பு தலைதூக்குகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் தரவு வந்துகொண்டிருக்கும்போதே.

இந்த ஊகங்கள் ஒன்றையொன்று எதிர்பார்ப்பதில்லை. ஆயிரம் ஜி.பி.யூ. (ஒரே மாதிரிக் கணக்குகளை மொத்தமாகப் போடும் சில்லு) கொடுத்தால் ஆயிரமும் தத்தம் வேலையைப் பார்க்கும். அண்டத்தின் வளர்ச்சியைக் கணினியில் நிகழ்த்திப் பார்ப்பது நேர் எதிர். ஒவ்வொரு நிறைத்துணுக்கையும் மற்ற எல்லாம் இழுக்கின்றன. அடியெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் எல்லா நோடுகளும் (இயந்திரத்துக்குள் சேர்ந்து உழைக்கும் தனித்தனிக் கணினிகள்) பேசிக்கொண்டாக வேண்டும். அங்கே நினைவகம் ஏராளமாக வேண்டும், நோடுகளை இணைக்கும் வலையும் படுவேகமாக இருக்க வேண்டும். பிரிட்டனில் டிராக் என்ற பகிர்வு அமைப்பு இதைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. துகள் இயற்பியல், வானியல், அண்டவியல் எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் பெரிய நினைவகம் கேட்கும் வேலைக்கு டர்ஹம், புரோட்டான் போன்றவற்றுக்குள் இருக்கும் குவார்க் துகள்களின் கணக்குகளுக்கு எடின்பரோ, தரவு மிகுந்த வேலைக்குக் கேம்பிரிட்ஜும் லெஸ்டரும் என்று இயந்திரங்கள் வேறுவேறு. சக விஞ்ஞானிகள் விண்ணப்பங்களைப் படித்து நேரம் ஒதுக்குகிறார்கள். நம்மூரில் இயந்திரத்தைத் திறந்துவைத்த செய்திதான் முதல் பக்கத்தில் வரும். யாருக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள், அதிலிருந்து என்ன ஆய்வு வந்தது என்று ஆண்டுதோறும் எல்லோர் கண்ணிலும் படும்படி வெளியிட வேண்டும் என்பது என் கட்சி.

க்ளவுட் பற்றி: துடிப்புத் தேடல் போன்றவற்றுக்கு வாடகை சரிப்படும். ஆனால் தொலைநோக்கித் தரவு மலையை வெளியே அனுப்பித் திரும்ப வாங்குவதற்கே நேரமும் பணமும் கரையும். வருடம் முழுக்க ஓடும் கணக்குக்கு வாடகை கட்டினால் என்ன ஆகும் என்று வீட்டுக்கடன் கொடுத்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது மகள் விஷயம். இடம் உண்டு, புணே வரை போகவும் வேண்டாம். 2015இல் 4,500 கோடி மதிப்பில் தொடங்கிய தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தில் திருச்சி என்.ஐ.டி.க்கு 2022இல் பரம் பொருள் வந்தது. வேகம் 838 டெராஃபிளாப்; ஒரு டெராஃபிளாப் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு. (2004இல் சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் குவார்க் கணக்குகளுக்காகக் கட்டிய கப்ரு ஏறத்தாழ ஒரு டெராஃபிளாப், அதுவே அன்று உலகின் முதல் 500இல் ஒன்று.) பரம் பொருளில் ஒரு பங்கை அக்கம்பக்கக் கல்வி நிறுவனங்களுக்கும் தர வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

இடம் இருப்பது வேறு, கேட்கத் தெரிவது வேறு. கல்லூரி மாணவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். முதலில் லேப்டாப்பிலேயே தன் நிரலை 1, 2, 4 கோர்களில் (சில்லுக்குள் தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள்) ஓட்டி நேரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். நாலு கோர் கொடுத்தும் நேரம் கால்வாசிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்றால் பெரிய இயந்திரம் அதைக் காப்பாற்றாது. நிரலில் 5 சதவீதம் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்றால், லட்சம் கோர் கொடுத்தாலும் வேகம் 20 மடங்கைத் தாண்டாது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் சொன்னது. பெரிய அளவில் நேரம் கேட்டால் மதிப்பிடுகிறவர்கள் கோர் கூடக்கூட நேரம் எப்படிக் குறைகிறது என்ற வரைபடத்தைத்தான் முதலில் தேடுவார்கள்.

அடுத்தது க்யூ. ஜாப் (இயந்திரத்திடம் ஓட்டக் கொடுக்கும் வேலை) போடும்போது எத்தனை கோர், எத்தனை மணி நேரம் என்று எழுத வேண்டும். இரண்டு மணி நேர வேலைக்கு எதற்கும் இருக்கட்டும் என்று 72 மணி நேரம் கேட்டுவிட்டு, மூன்று நாள் ஆகியும் தொடங்கவில்லை என்று புலம்புகிறவர்கள் ஏராளம். ஆயிரம் கோர் கேட்ட பெரிய ஜாப் ஒன்றுக்காக இயந்திரம் கோர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்துக் காத்திருக்கும். அந்த இடைவெளியில் முடிந்துவிடும் என்று உறுதியாகத் தெரிகிற சின்ன ஜாப்களை உள்ளே விடும். சரியான நேரத்தை எழுதியவர் முந்திக்கொள்வார். நீண்ட கணக்கென்றால் நடுநடுவே நிலையைக் கோப்பில் சேமித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும்படி எழுதிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரும் ஆட்கள்தான் நம்மிடம் குறைவு. இயந்திரத்துக்குக் கோடிகள் ஒதுக்குகிறோம், அதை நடத்தும் இளைஞரை ஆண்டு ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறோம். அவர் கற்றுக்கொண்டதும் தனியார் கம்பெனிக்குப் போய்விடுகிறார். இந்த வசதியை விரிவாக்குவது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த வேலையை நிரந்தரமாக்குவது.

மாணவி தன் பெயரில் மட்டும் விண்ணப்பித்தால் பொதுவாக இயந்திரத்துக்குள் நுழையும் அக்கவுண்ட் கிடைக்காது; பேராசிரியர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். ப்ராஜெக்ட் தலைப்பை முடிவுசெய்யும்போதே இதை அவரிடம் பேசிவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்