பழைய அவுட்போர்டு மோட்டார் சூடாகிறது, எங்கிருந்து பார்ப்பது?

மும்பை வெர்சோவாவில் மாமாவின் படகுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் பழைய 25 குதிரைத்திறன் மோட்டார் பத்து நிமிடத்தில் சூடாகிறது, பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீரும் மெலிந்துவிட்டது, இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏற்றும் பம்ப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவசரப்படாதீர்கள். முதலில் தண்ணீர் பீய்ச்சும் ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உப்பு அடைத்திருந்தால் அதோடு தீர்ந்துவிடும். அப்புறம், கீழே கியர் பெட்டியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடை. மும்பைக் கடலில் பிளாஸ்டிக் பை சுற்றாத மோட்டார் ஏது?

இரண்டும் சரி என்றால் சந்தேகம் இம்பெல்லர் மீதுதான், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம். அதன் ரப்பர் இறக்கைகள் விறைத்து, ஒரே பக்கம் வளைந்தபடி நின்றிருந்தால் மாற்றிவிடுங்கள். இறக்கை உடைந்திருந்தால் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள். நான் ஒருமுறை புது இம்பெல்லர் போட்டும் சூடு குறையாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பழைய துண்டு மேலே நீர்க்குழாயில் சிக்கியிருந்தது. இம்பெல்லர் சுற்றும் உறையில் ஆழமாகக் கீறல் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

தண்ணீர் நன்றாக வந்தும் சூடானால் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூட்டுக்கேற்பத் தண்ணீருக்கு வழி திறக்கும் வால்வு. கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். பல மோட்டார்களில் 50-60 டிகிரி செல்சியஸ் வாக்கில் திறக்கத் தொடங்கும். கொதித்தும் திறக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். அது இல்லாமலே ஓட்டலாம் என்பார்கள், கேட்காதீர்கள். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் கரி பிடிக்கும்.

சோதிக்கும்போது மோட்டாரின் கீழ்ப்பகுதி தண்ணீர் டிரம்மில் மூழ்கியிருக்கட்டும். தண்ணீரில்லாமல் சில விநாடி ஓடினாலே புது இம்பெல்லரும் கருகும்.