உப்பு பாக்கெட் ஏற்றிய பிளாஸ்டிக் கப்பல்

(கப்பல் படிப்பு பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, 22 ஆண்டு கப்பலிலும் 11 ஆண்டு மும்பையில் ஒரு கல்லூரி வொர்க்‌ஷாப்பிலும் இருந்துவிட்டு இப்போது செம்பூரில் ஓய்வாக இருக்கும் தூத்துக்குடிக்காரர் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. மரைன் இன்ஜினீயரிங் என்று அவன் சொல்கிறான், நேவல் ஆர்க்கிடெக்சர் என்று அவன் மாமா சொல்கிறார். இரண்டும் ஒன்றுதானே? நல்ல கல்லூரியை எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு தாய், மாட்டுங்கா

பதில்: ஒன்றில்லை அம்மா. கப்பலை வரைந்து கட்டுகிறவர் நேவல் ஆர்க்கிடெக்ட். பெரும்பாலும் கரையில்தான் அவருக்கு வேலை. கட்டிய கப்பலின் இன்ஜின் ரூமில் வேகிறவர் மரைன் இன்ஜினீயர். மாதக்கணக்கில் வீட்டுப்பக்கம் வரமாட்டார். மாமாவும் மருமகனும் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது இதைத்தான். நேவல் ஆர்க்கிடெக்சர் என்றால் சென்னை, கரக்பூர் ஐ.ஐ.டி.கள், கொச்சியில் குசாட் பல்கலைக்கழகம், இந்திய கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகம். மரைன் இன்ஜினீயரிங் அதே பல்கலைக்கழகத்தின் மும்பை வளாகத்திலேயே இருக்கிறது. கப்பலுக்குப் போகிறவனுக்கு நிறக்குருடு இருக்கக் கூடாது. விண்ணப்பப் பணம் கட்டுமுன் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கல்லூரி பார்க்கப் போனால் ஏ.சி. வகுப்பையும் சிமுலேட்டரையும் காட்டுவார்கள். நைசாக நழுவி வொர்க்‌ஷாப் பக்கம் போங்கள். பாதி வெட்டி வைத்த இன்ஜினைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிறுத்தி ‘தொடாதே’ என்று பலகை மாட்டிய இடம் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். கோயிலில்கூட தீபத்தைத் தொட்டு ஒற்றிக்கொள்ள விடுகிறார்கள்! கடைசி வருஷப் பையன்களின் நகக்கண்ணைப் பாருங்கள். கறுப்பே இல்லையென்றால் அடுத்த கல்லூரிக்கு ஆட்டோ பிடியுங்கள்.

கேள்வி: கப்பலின் ஸ்டெபிலிட்டி (சாய்ந்தாலும் நிமிரும் தன்மை) பாடம் எடுக்கிறேன். ஜி.எம். (கப்பலின் ஈர்ப்பு மையத்துக்கு மேலே மெட்டாசென்டர் என்கிற புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற அளவு) சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடமாக எழுதுகிறார்கள், ஒருவருக்கும் புரியவில்லை. சோதனைத் தொட்டி கட்ட நிர்வாகத்திடம் பணம் இல்லை. என்ன செய்வது?
— விரிவுரையாளர், நவி மும்பை

பதில்: சார், முதலில் என் அவமானக் கதை ஒன்று. காலேஜில் பியூரிஃபையர் பற்றி ஆறு பக்கம் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். எண்ணெயிலிருந்து தண்ணீரையும் அழுக்கையும் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் அது. முதல் கப்பலில் நான் ‘பாஞ்ச் சாப்’, அதாவது அஞ்சாவது இன்ஜினீயர். பியூரிஃபையரின் பவுலைத் திறக்கச் சொன்னார்கள். பூட்டு வளையத்தை இடப்பக்கம் சுற்றுகிறேன், சுற்றுகிறேன், அரை மணி நேரம் வியர்க்க வியர்க்க இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அதற்கு இடப்புரி மரை, வலப்பக்கம் சுற்றினால்தான் கழலும். பக்கத்தில் நின்ற கொங்கணத்து ஆயில்மேன் பீடியை எடுத்துவிட்டு, ‘சாப், உல்ட்டா’ என்றார். என் ஆறு பக்கத்தில் அந்த ஒரு சொல் இல்லை.

அதனால் உங்கள் முதல் வகுப்பில் சாக்பீஸைத் தொடாதீர்கள். 40 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், பக்கங்கள் செங்குத்தாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்குங்கள். உயரம் 12 செ.மீ. இருந்தால் போதும். நடுவில் ஒரு கம்பம், அதில் 40 செ.மீ. நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்ட ஊசல், கீழே ஒரு ஸ்கேல். சரக்குக்கு மூன்று கிலோ உப்பு பாக்கெட். (ஊர்ப்பாசம்தான், வேறென்ன.) பெட்டியும் சரக்கும் சேர்ந்து 4 கிலோ வருகிற மாதிரி பார்த்துக்கொண்டு குழந்தைகள் குளிக்கிற பெரிய டப்பில் மிதக்கவிடுங்கள். சரியாக 5 செ.மீ. அமிழும். 40-ஐ 20-ஆலும் 5-ஆலும் பெருக்கினால் 4,000 கன செ.மீ., நாலு லிட்டர் தண்ணீர், நாலு கிலோ. நம்பாத பையனை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆர்க்கிமிடிஸ் அத்தோடு முடிந்தார்.

அடுத்து, பெட்டிக்குள் இருக்கிற 100 கிராம் எடைக்கல்லை 8 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். பெட்டி சாயும், ஊசல் நகரும். எங்களுக்கு 2 செ.மீ. நகர்ந்தது. 40-க்கு 2 என்றால் சாய்வு இருபதில் ஒன்று. நகர்த்திய எடையைத் தூரத்தால் பெருக்கி, மொத்த எடையாலும் அந்தச் சாய்வாலும் வகுத்தால் ஜி.எம். 4 செ.மீ. பெரிய கப்பலைக் கட்டி முடித்ததும் யார்டில் இதே சோதனையைத்தான் டன் கணக்கான எடைகளை வைத்துச் செய்கிறார்கள்.

உண்மையான பாடம் இனிமேல்தான். ஒரு கிலோ உப்பு பாக்கெட் ஒன்றைக் கம்பத்தில் 16 செ.மீ. உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். மொத்தம் நாலு கிலோவில் ஒரு கிலோ ஏறுகிறது, ஆகவே கப்பலின் ஈர்ப்பு மையம் 4 செ.மீ. ஏறும், ஜி.எம். பூஜ்யம். இன்னும் 2 செ.மீ. ஏற்றினால் பெட்டி கவிழாது, ஒரு பக்கமாக 20 டிகிரி போலச் சாய்ந்து அப்படியே நிற்கும். குடித்தவன் சுவரில் சாய்ந்த மாதிரி. இப்போது ‘நிமிர்த்து’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எந்த வருஷமும் தவறியதில்லை: ஒருவன் மேலே தூக்கி நிற்கிற பக்கத்தில் எடை வைப்பான். பெட்டி திடுமென்று மறுபக்கம் இன்னும் ஆழமாக விழுந்து தண்ணீர் குடிக்கும். வகுப்பே கூச்சல். எடையைக் கீழே இறக்க வேண்டும் என்பதை அதன்பிறகு யாரும் மறக்க மாட்டார்கள். அந்த ஈரத்தோடு கரும்பலகைக்குப் போங்கள், அப்போது சூத்திரம் எழுதினால் அது அவர்கள் கேட்டு வாங்கிய சூத்திரம்.

ஸ்வீடனின் வாசா கப்பலையும் அன்றைக்கே சொல்லுங்கள். துறைமுகத்தில் 30 மாலுமிகளைத் தளத்தில் இங்குமங்கும் ஓடவிட்டுச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து சோதனையைத்தான் நிறுத்தினார்கள். 1628-ல் முதல் பயணத்தில் ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகாமல் மூழ்கியது.

சிலபஸில் இடமில்லை என்பீர்கள். நான்கு தியரி மணி நேரத்தைத் திருடுங்கள், நானும் அப்படித்தான் செய்தேன். பரீட்சையில் ஜி.எம். எவ்வளவு என்று கேட்காமல், ‘உன் ஊசல் சொன்னதும் உன் கணக்கு சொன்னதும் ஏன் ஒத்துவரவில்லை?’ என்று கேளுங்கள். இன்னொரு நாள் பையன்களை பாவுச்சா தக்கா படகுத்துறைக்குக் கூட்டிப்போய், அளவு குறித்த கம்போடு ஆறு மணி நேரம் படித்துறையில் உட்கார வையுங்கள். எங்கள் தூத்துக்குடியில் ஏற்ற வற்றம் ஒரு மீட்டரைத் தாண்டாது. இங்கே சில அமாவாசை, பௌர்ணமியில் நாலு மீட்டருக்கு மேல் போகும். மும்பைத் துறைமுகத்தின் இந்திரா டாக்குக்கு ஏன் கதவு போட்டார்கள் என்று அவர்களே சொல்வார்கள்.

கேள்வி: எல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டதே, தொட்டியும் மாடலும் எதற்கு?
— வாசகர், டோம்பிவிலி

பதில்: கம்ப்யூட்டர் சொன்னதைச் சரிபார்க்க. வில்லியம் ஃப்ரூட் 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கியில் தொட்டி கட்டி, மெழுகில் கப்பல் செய்து இழுத்துப் பார்த்தார். அவர் சொன்ன விகிதம்தான் இன்றும். 125 மீட்டர் கப்பலை 25-ல் ஒன்றாகச் சுருக்கினால் மாடல் 5 மீட்டர். வேகத்தை மட்டும் 25-ஆல் அல்ல, அதன் வர்க்கமூலம் 5-ஆல் வகுக்க வேண்டும். இதைக் கையால் இழுத்துப் பார்க்காதவன், திரையில் தப்பான எண் வந்தாலும் தலையாட்டுவான்.

கேள்வி: அங்கிள், பி.வி.சி. குழாயில் தண்ணீருக்குள் ஓடும் ரோபோ செய்தேன். பொம்மைக் கார் மோட்டார் பத்து நிமிஷத்தில் செத்துவிட்டது. 15 மீட்டர் வயர் போட்டதும் வேகமும் குறைந்தது.
— பத்தாம் வகுப்பு மாணவன், தாராவி

பதில்: தம்பி, பத்து நிமிஷம் ஓடியதே பெரிது! வேகம் குறைந்ததற்குக் கணக்கு இருக்கிறது. 0.5 சதுர மி.மீ. செம்பு வயர் என்றால் போக வர 30 மீட்டருக்கு சுமார் ஒரு ஓம் தடை. மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் 3 வோல்ட் வயரிலேயே போச்சு, பேட்டரி 12 வோல்ட் என்றால் 9-தான் மிச்சம். தடித்த வயர் போடு. லாமிங்டன் ரோடில் படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற 12 வோல்ட் பில்ஜ் பம்ப் கிடைக்குமா என்று கேள். அதன் மோட்டார் தண்ணீருக்குள் ஓடுவதற்கென்றே செய்தது. குழாய்களில் துளை போடு, இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்று மேலே தூக்கும். எப்போதும் பேட்டரிதான், நடுவில் ஒரு ஃபியூஸ். வீட்டு பிளக்கில் செருகின அடாப்டரோடு தண்ணீர்ப் பக்கம் போனாய் என்றால் உன் அம்மாவிடம் நானே வந்து சொல்வேன்.

செத்த மோட்டாரைத் தூக்கிப் போடாதே. ஹாக்ஸாவால் மெல்ல அறுத்து உள்ளே பார். துரு எந்தப் பக்கம் அதிகமோ, தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கமாகத்தான் வந்திருக்கும். தண்டு வெளியே வருகிற ஓட்டையா, வயர் நுழைகிற இடமா என்று பார்த்து எனக்கு எழுது.