மரநாய்க்குப் பால் வைக்கலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், பழைய ஓட்டு வீடொன்றில் வசிக்கிறோம். சென்ற ஞாயிறு காலை பின்வளவில் ஜம்பு மரத்தடியில் ஒரு மரநாய் படுத்திருந்தது. பின்னங்கால்கள் இரண்டையும் அதனால் அசைக்க முடியவில்லை. கிட்டப் போனால் சீறியது. மாமி இரக்கப்பட்டு ஒரு கிண்ணத்தில் பாலும் குழைத்த சோறும் வைத்தார். கணவர் பனடோல் குளிசையொன்றைத் தூளாக்கிப் பாலில் கலக்கலாம் என்றார். ஏனோ எனக்கு மனம் ஒப்பவில்லை, தடுத்துவிட்டேன். அருகிலுள்ள மிருக வைத்தியர் ஒருவரைக் கேட்டபோது காட்டு மிருகங்களைத் தாம் பார்ப்பதில்லை என்றார். பிள்ளைகள் சுற்றி நின்று அழ, நண்பகலுக்குள் அது இறந்துவிட்டது. நாங்கள் செய்ததில் எது பிழை? இனி இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: முதலில் உங்கள் மனத்தில் இருக்கும் பாரத்தை இறக்கி வையுங்கள். பின்னங்கால்கள் இரண்டும் ஒருங்கே செயலிழந்து கிடக்கும் விலங்குக்குப் பெரும்பாலும் முதுகெலும்பில் அடிபட்டிருக்கும். இரவில் வீதியைக் கடக்கும்போது வாகனம் மோதியிருக்கலாம், அல்லது நாய்கள் கவ்வி உதறியிருக்கலாம். அத்தகைய காயத்தோடு வந்த மரநாயைத் தேர்ந்த வைத்தியர் ஒருவர் கையில் உடனடியாகக் கொடுத்திருந்தாலும் அது பிழைத்திருக்கும் என்று உறுதி கூற முடியாது. பனடோலைத் தடுத்தீர்களே, அது மிகச் சரியான காரியம். மனிதருக்குக் காய்ச்சல் தணிக்கும் அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. சிறிய அளவே அதன் இரத்தத்தையும் ஈரலையும் கெடுத்துவிடும். நம் வீட்டு மருந்துப் பெட்டியில் உள்ள எதையும் ஒரு காட்டு விலங்குக்குக் கொடுக்கலாகாது என்பதை எல்லா வாசகரும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பிழை என்று சொல்வதானால், அது பாலும் சோறும்தான். மாமியின் இரக்கத்தை நான் குறை சொல்லவில்லை. வாசலுக்கு வந்த உயிருக்கு முதலில் ஏதாவது உண்ணக் கொடுப்பதே நம் வீடுகளில் வழிவழியாக வந்த பண்பு. ஆனால் அடிபட்டு அதிர்ச்சியில் கிடக்கும் உடல் பசியை உணர்வதில்லை. அதன் உடற்சூடு குறைந்து, இரத்த ஓட்டம் தளர்ந்து, விழுங்கும் ஆற்றலும் மங்கியிருக்கும் அந்த நேரத்தில் வாயில் ஊற்றப்படும் பாலோ தண்ணீரோ இரைப்பைக்குச் செல்லாமல் மூச்சுக்குழாய் வழியே நுரையீரலில் இறங்கிவிடக்கூடும். பிறகு காயம் கொல்லாவிட்டாலும் அது கொன்றுவிடும். நீங்கள் கிண்ணத்தில்தான் வைத்தீர்கள், வாயில் ஊற்றவில்லை என்பது ஆறுதல். ஆயினும் பசும்பால் பெரும்பாலான காட்டு விலங்குகளுக்குச் செரிக்காது. தவிர, வயிற்றில் உணவோடு இருக்கும் விலங்குக்கு மயக்க மருந்து கொடுப்பதற்கு வைத்தியர் தயங்குவார்.

பாலைவிடவும் அந்த மரநாயை வருத்தியிருக்கக்கூடியது சுற்றி நின்ற கூட்டம். உங்கள் பிள்ளைகள் அழுதது அன்பினால் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. இரவில் நடமாடி, பகலில் கூரையிலும் மரப்பொந்திலும் ஒளிந்து வாழும் விலங்கு, பட்டப்பகலில் திறந்த வெளியில், ஓட முடியாத நிலையில், தன்னைவிடப் பெரிய உருவங்கள் நான்கு பக்கமும் நிற்பதைக் காண்கிறது. தன்னைத் தின்பதற்கே அவை காத்து நிற்கின்றன என்றல்லாமல் வேறெதை அது எண்ணும்? அந்த அச்சமே இதயத்தை நிறுத்திவிடும் அளவுக்குக் கொடியது என்பதை வனவிலங்கு வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே நாம் செய்யக்கூடிய முதல் உதவி, இருளும் அமைதியும் தருவதே.

அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். நாய்களைக் கட்டுங்கள், பூனையை வீட்டுக்குள் அடையுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். கொழும்பில் காகங்கள் நம்மை முந்திக்கொண்டு வந்துவிடும். எனவே உடுப்புப் போடும் பெரிய பிளாஸ்டிக் கூடையொன்றை மெதுவாக அதன்மேல் கவிழ்த்து, காற்றுப் போக இடம் விட்டு ஒரு பழைய துவாயால் மூடி, மேலே ஒரு செங்கல்லை வையுங்கள். வெயில் படுமிடமாயின் நிழலுக்கு ஏதாவது ஏற்பாடு செய்யுங்கள். பறவை, அணில் போன்ற சிறிய உயிராயின், துளையிட்ட மட்டைப் பெட்டியில் துணி விரித்து அதனுள் வைத்து, சந்தடியற்ற ஓர் அறையில் விடலாம். மரநாயைப் போன்ற பற்களுள்ள விலங்கைக் கையால் தூக்கவே கூடாது. வலியில் இருக்கும் எந்த உயிரும் கடிக்கும். அதன் பிறகு வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்தை அழைத்து, எந்த விலங்கு, எங்கே கிடக்கிறது, உடலின் எந்தப் பகுதியை அசைக்க முடியவில்லை, எத்தனை மணியிலிருந்து அப்படிக் கிடக்கிறது என்பவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். கொழும்புக்கு அண்மையில், அத்திடியவில், திணைக்களத்துக்குரிய வனவிலங்குப் பராமரிப்பு நிலையம் இருக்கிறது. ஆட்கள் வந்து சேரத் தாமதமானால் பொறுமை இழந்து கூடையைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் நீர்வெறுப்பு நோய், அதாவது விசர்நாய்க்கடியால் வரும் அந்த நோய், பெரும்பாலும் நாய்கள் மூலமே பரவினாலும் மரநாயிலும் கீரியிலும்கூட அது கண்டறியப்பட்டிருக்கிறது. பகலில் வெளியே வந்து, தள்ளாடி நடந்து, மனிதரைக் கண்டு விலகாமல் நிற்கும் மரநாய் அடிபட்டதாகவும் இருக்கலாம், இந்நோய் கண்டதாகவும் இருக்கலாம். பார்வையால் பிரித்தறிய முடியாது. உங்கள் வீட்டில் எவருக்காவது அன்று அதன் பல்லோ நகமோ பட்டிருந்தால், அல்லது அதன் எச்சில் புண்ணில் பட்டிருந்தால், நாள் கடந்துவிட்டதே என்று எண்ணாமல் இன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். இனி இப்படி நேர்ந்தால் காயத்தை உடனே சவர்க்காரமிட்டு, குழாயிலிருந்து ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டுப் புறப்பட வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லாத நோய் இது. ஆகையால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: பக்கத்து வளவில் தென்னை மரத்தைத் தறித்தபோது கூடு விழுந்து, கண் திறவாத அணில் குஞ்சு ஒன்று எங்கள் பக்கம் வந்து கிடந்தது. மனிதர் தொட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்று அயலவர்கள் சொன்னதால், இப்போது நாமே பஞ்சில் நனைத்துப் பால் கொடுத்து வளர்க்கிறோம். இது சரிதானா?
– வாசகர், தெஹிவளை

பதில்: தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது நம் ஊர்களில் மிகப் பரவலான நம்பிக்கை, அது உண்மையன்று. தாய் அணில் தன் குஞ்சை மோப்பத்தாலும் அதன் மெல்லிய குரலாலும் அறிந்து, கழுத்தில் கவ்வி வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடும். குஞ்சில் காயமில்லையென்றால், எறும்புகளை மெல்லத் தட்டிவிட்டு, துணியில் சுற்றிய இளஞ்சூட்டு வெந்நீர்ப் போத்தலொன்றின் அருகே சிறிய பெட்டியில் அதை இட்டு, விழுந்த இடத்துக்கு மிக அண்மையில் உள்ள மரத்தில் பூனைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை வைத்துவிட்டு, வீட்டுக்குள் சென்று யன்னல் வழியே பார்த்திருக்க வேண்டும். நாம் அருகில் நின்றால் அது வராது. அணில் பகலில் நடமாடும் உயிர் என்பதால் பொழுது சாயும்வரை காத்திருக்கலாம். இருட்டிய பின் குஞ்சை வெளியே விடலாகாது.

உங்கள் விடயத்தில் அந்த நேரம் கடந்துவிட்டது. பசும்பாலை இன்றே நிறுத்துங்கள். நான் சிறுவனாக இருந்தபோது, இராமர் தடவிய முதுகு என்று அம்மா காட்டிய அந்த மூன்று கோடுகளின் மேல் ஆசைப்பட்டு, இப்படி விழுந்த குஞ்சு ஒன்றைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்து வளர்க்க முயன்றேன். இரண்டு மணிக்கொரு தடவை பால் கொடுத்தேன், அது குடிக்கவும் குடித்தது, எனக்கு அவ்வளவு பெருமை. மூன்றாம் நாள் வயிற்றோட்டம் கண்டு, நான்காம் நாள் விடியலில் விறைத்துக் கிடந்தது. அந்தச் சிறிய உடலின் குளிர்ச்சி இன்றும் என் உள்ளங்கையில் இருக்கிறது. ஆகவே குஞ்சை முதலில் சூடாக வைத்திருங்கள். குளிர்ந்த குஞ்சுக்கு எதைக் கொடுத்தாலும் செரிக்காது. சிறு பிராணிகளுக்குச் சிகிச்சை செய்யும் மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டு, குட்டி விலங்குகளுக்கென்று தயாரிக்கப்படும் பால்மாவை அவர் சொல்லும் அளவில், குஞ்சைக் குப்புற வைத்து, ஊசியில்லாத சிறிய சிரிஞ்சினால் துளித் துளியாகக் கொடுங்கள். மல்லாத்திக் கொடுத்தால் பால் மூக்கில் ஏறிவிடும். கண் திறந்து, தானாகக் கொறிக்கப் பழகியதும் அதை மரத்துக்கே விட்டுவிட வேண்டும். கூட்டில் அடைத்து வைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு மதிலுக்கு மேலே செல்லும் மின்கம்பியில் பெரிய பழந்தின்னி வௌவால் ஒன்று இரண்டு நாட்களாகத் தொங்குகிறது. அது இறந்துவிட்டது போலத்தான் தெரிகிறது. ஆனால் அதன் மார்பில் ஏதோ அசைகிறது. தும்புத்தடியால் தட்டி விழுத்தலாமா?
– வாசகர், கொழும்பு 13

பதில்: வேண்டவே வேண்டாம். ஈரமான தடியாயின் அடுத்துத் தொங்கப்போவது நீங்கள்தான். மின்சார சபையின் 1987 என்ற இலக்கத்தை அழைத்து, மின்னைத் துண்டித்து இறக்கித் தருமாறு கேளுங்கள். 1992 இலும் அறிவியுங்கள்.

அசைவது அநேகமாகக் குட்டியாக இருக்கும். இந்த வௌவால்கள் ஒரு பேற்றில் ஒரு குட்டியையே ஈனும்; அது வாரக்கணக்கில் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டே பறக்கும். சிறகுகள் விரிந்த நிலையில் அகலமாக இருப்பதால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டுத் தாய் இறந்துவிடும்போதும், குட்டி பல வேளைகளில் உயிரோடு மார்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். விகாரமகாதேவிப் பூங்காவின் மரங்களில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கும் அதே இனம்தான் இது. இரவில் பழங்களைத் தின்று விதைகளை நகரெங்கும் தூவிச் செல்லும் இந்த விலங்கை அபசகுனம் என்று வெறுப்பவர்கள் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இறக்கிய பின்னும் வெறுங்கையால் தொடக்கூடாது. பேராதனைக்கு அருகிலுள்ள கன்னொறுவவின் பெயரால் அழைக்கப்படும் ஒரு வைரசு, நீர்வெறுப்பு நோய் வைரசின் நெருங்கிய உறவு, இதே பழந்தின்னி வௌவால்களில் கண்டறியப்பட்டு 2016 இல் அறிவிக்கப்பட்டது. வானில் பறக்கும் வௌவாலைக் கண்டு அஞ்ச இதில் ஒன்றுமில்லை. கடியும் கீறலும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். தடித்த துவாயை மடித்து, தாயையும் குட்டியையும் பிரிக்காமல் அப்படியே சேர்த்துப் பெட்டியில் இட்டு மூடுங்கள். குட்டியின் பிடியை இழுத்து விடுவித்தால் அதன் விரல்கள் முறிந்துவிடும். பிரித்தெடுப்பதை வைத்தியர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: கிருலப்பனையில் கால்வாயை அண்டிய எங்கள் மரக்கறித் தோட்டத்தின் நைலோன் வலையில் ஒரு கபரகொய்யா, அதாவது பெரிய நீர் உடும்பு, சிக்கி, கழுத்துப் பக்கம் அறுபட்டுக் கிடக்கிறது. அதில் நஞ்சு உண்டு, அடித்துவிடுவதே நல்லது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். என்ன செய்வது?
– வாசகி, கொழும்பு 5

பதில்: அடிக்கவிடாதீர்கள். 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அது பாதுகாக்கப்பட்ட விலங்கு. கொல்வது குற்றம் என்பதை அவருக்குப் பணிவாகவே எடுத்துச் சொல்லுங்கள். அது தேடி வந்து தாக்கும் விலங்கும் அன்று. கால்வாயில் மிதந்து வரும் செத்த எலியையும் அழுகிய மீனையும் தின்று நீரைத் துப்புரவாக வைத்திருப்பது அதுதான். ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் கொழும்பு 2018 இல் ஈரநில நகரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது இப்படிப்பட்ட உயிர்கள் இங்கே இன்னும் வாழும் ஈரநிலங்களுக்காகவே.

ஆனால் நீங்களும் கிட்டப் போகாதீர்கள். வாலின் வீச்சு தோலைக் கிழிக்கும். கடித்தால் புண் எளிதில் சீழ் பிடிக்கும். வலை மேலும் இறுகாதபடி எவரையும் இழுக்க விடாமல், ஈரச்சாக்கு ஒன்றை நீண்ட தடியால் அதன் தலையையும் உடலையும் மூடும்படி போடுங்கள். கண் மறைந்தால் அது திமிறுவது குறையும். ஈரம் வெயிலிலிருந்து காக்கும். பின்பு 1992. வலையை அறுப்பதை வருபவர்களிடம் விடுங்கள், ஏனெனில் கழுத்தைச் சுற்றிய இழையின் ஒரு துண்டு தோலுக்குள் புதைந்து நின்றுவிட்டால், தப்பியோடிய பிறகும் அது வளர வளர இறுகும். அதன் பின் அந்த வலையை நிலத்திலிருந்து ஓர் அடி உயர்த்திக் கட்டி, கீழ்ப்பகுதிக்குப் பழைய தகரத் துண்டுகளையோ தென்னோலைக் கிடுகையோ வைத்து அடையுங்கள்.