புரத ஆய்வுக்குப் போக விரும்பும் மகளைப் பற்றி

வணக்கம் அம்மா. தொடக்கக் கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் புரத ஆய்வுக்குப் போக ஆசைப்படுகிறாள், "புரதங்களின் வடிவத்தைத்தான் கணினியே கண்டுபிடித்துவிட்டதாமே, இவளுக்கு என்ன வேலை மிச்சம் இருக்கும்?" என்று கேட்டிருந்தீர்கள். நிறைய இருக்கிறது.

புரதம் என்றதும் நமக்குப் பருப்பும் முட்டையும்தான் நினைவுக்கு வரும். அவள் படிக்க நினைப்பது உடம்புக்குள் வேலை செய்யும் மூலக்கூறுகளை. 20 வகை அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு, அந்த மாலை மடிந்து ஒரு வடிவம் எடுக்கிறது. வடிவம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒரு குறிப்பிட்ட மணி மாறினால் போதும், சிவப்பணு அரிவாள்போல் வளைந்துவிடும்.

அந்த ஹீமோகுளோபினின் வடிவத்தை எக்ஸ்ரே மூலம் காண மேக்ஸ் பெரூட்ஸ் என்ற விஞ்ஞானிக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் அவர் குழுவும், அமினோ அமிலச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று வரைந்த படத்தை வைத்துத்தான் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கிறார்கள். நம் ஊர்க்காரர் என்பதால் சொல்லவில்லை. கணக்கும் வேதியியலும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நீங்கள் கேள்விப்பட்டது ஆல்ஃபாஃபோல்டு, புரதத்தின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல். 2024இல் அதை உருவாக்கியவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் ஆய்வுக்கூடங்களில் மனிதர்கள் பல்லாண்டுகள் உழைத்துக் கண்டறிந்த வடிவங்களைப் பார்த்துத்தான் அது கற்றுக்கொண்டது. புரதம் எப்படி அசைகிறது, ஒரு மருந்து உண்மையில் அதில் வேலை செய்கிறதா என்பதை இன்னும் ஆய்வு மேசையில்தான் சோதிக்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால், சிங்கப்பூரின் துவாஸில் புரத மருந்துகளைத் தயாரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. உற்பத்தி, தரப் பரிசோதனைக்குப் பட்டதாரிகளும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தவர்களும் சேரலாம். பயோபொலிஸ் போன்ற ஆய்வு மையங்களில் சொந்தமாக ஆய்வை நடத்த வேண்டுமென்றால் முனைவர் பட்டம் தேவை. அது நீண்ட பாதை என்பதை மறைக்க விரும்பவில்லை.

இப்போதைக்கு வேதியியலை மட்டும் அவள் விட்டுவிட வேண்டாம். கொஞ்சம் பைத்தான் என்ற கணினி நிரல் மொழியும் பழகட்டும். அப்புறம், விடுமுறையில் ஏதாவது ஓர் ஆய்வுக்கூடத்தில் சில வாரங்கள் இருக்க வழி தேடுங்கள். சோதனை மூன்று முறை தோற்ற பிறகும் நான்காவது முறை செய்ய அவளுக்கு மனம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் என்னிடம் மறுபடி பேசுங்கள், பல்கலைக்கழக விண்ணப்பத்தைச் சேர்ந்து பார்ப்போம்.