விதைக்கும் முன்பே பணம்: பண்ணைப் பங்கு பற்றி வாசகர் கேள்விகள்

அண்ணாச்சி, மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் ஐப்பசியிலேயே பணம் கட்டச் சொல்கிறார்கள். தை முதல் 12 வாரம், வாரம் ஒரு பை காய்கறி தருவார்களாம். காயைக் கண்ணில் பார்க்காமல் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?
*— பெருமாள்புரம் வாசகி*

விவசாயிக்குப் பணம் தேவைப்படுவது அப்போதுதான் அம்மா. உழவு, தொழுவுரம், விதை, புடலைக்கும் பாகலுக்கும் பந்தல், களையெடுக்கக் கூலி எல்லாமே முதல் மாதத்திலேயே வந்துவிடும். காய் விற்று முதல் காசு கைக்கு வர அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க வட்டிக்கு வாங்குவார், இல்லையென்றால் கமிஷன் கடையில் முன்பணம் வாங்குவார். அங்கே வாங்கினால் காயையும் அங்கேதான் இறக்க வேண்டும், விலையும் அவர்கள் சொல்வதுதான். தக்காளி விலை இறங்கும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். உறுப்பினர்கள் முன்கூட்டிக் கட்டும் பணம் அந்தக் கடனை விலக்குகிறது. என்னைக் கேட்டால் பண்ணைப் பங்கு என்கிற இந்த ஏற்பாட்டின் உயிரே இதுதான். வாராவாரம் காசு கொடுத்துக் காய் வாங்குவதும் நல்லதுதான், ஆனால் விதைக்கிற நாளில் அந்தக் காசு விவசாயி கையில் இருக்காது.

இது புதுசாக முளைத்த யோசனையும் இல்லை. ஜப்பானில் 1970-களிலேயே குடும்பங்கள் சேர்ந்து விவசாயிகளிடம் நேரடியாக இப்படி ஏற்பாடு செய்துகொண்டன. அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கின.

கட்டுவதற்கு முன் ஒருமுறை பண்ணைக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை வாரம், தோராயமாக எத்தனை கிலோ, எந்தக் கிழமை, பையை எங்கே வாங்கிக்கொள்ள வேண்டும், காய் குறைந்தால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் தடவை என்பதால் பணத்தை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேளுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

2023 மாதிரி வெள்ளம் வந்தால் என் பணம் போய்விடுமா?
*— வண்ணார்பேட்டை வாசகர்*

போகலாம். முழுதாகப் போகாவிட்டாலும் ஒரு பகுதி போகலாம். இதை உங்களிடம் முதல் நாளே சொல்லாத பண்ணையில் சேராதீர்கள்.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு உங்கள் வண்ணார்பேட்டை வரை வந்தது. வயலும் வாழையும் தண்ணீருக்குள் கிடந்தன. அப்படிப்பட்ட வருஷத்தில் நட்டம் முழுவதையும் விவசாயி ஒருவரே சுமந்தால் அடுத்த விதைப்புக்கு அவர் எழுந்திருக்க முடியாது. 15 வீடோ 30 வீடோ ஆளுக்குக் கொஞ்சம் தாங்கிக்கொண்டால் எழுந்துவிடுவார். பங்கு சேர்கிறோம் என்றால் இதற்கும் சேர்த்துத்தான் தலையாட்டுகிறோம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேரச் சொல்லவில்லை. நிலம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஆற்றங்கரை நன்செயா, குளத்து மடைக்குக் கீழேயா, கிணற்றுப் பாசனமுள்ள மேட்டுத் தோட்டமா? காய்கறிக்கு மேட்டுத் தோட்டம்தான் பத்திரம். ஆனால் அங்கே சித்திரை, வைகாசியில் கிணறு தாங்குமா என்று கேட்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் குலை தள்ளிய வாழை சாய்ந்துவிடும், அதற்கு முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கீரை அழுகும், தக்காளி வெடிக்கும். நம் பக்கத்தில் காய்கறிப் பங்கைத் தையில் தொடங்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இயற்கையால் பயிர் போனால் விட்டுப்போன வாரங்களில் பாதியையாவது அடுத்த பருவத்தில் சேர்த்துக் கொடுப்பார்களா? விவசாயியின் கவனக்குறைவால் காய் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்களா? இந்த இரண்டும் வேறு வேறு. தாளில் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மறுவீட்டுச் சாப்பாடு, விருந்து எதுவானாலும் சொதி (காய்கறி போட்ட தேங்காய்ப்பால் குழம்பு) வேண்டும். பையில் கேரட்டும் பீன்ஸும் வருமா?
*— பாளையங்கோட்டை வாசகி*

வராது. அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல் மாதிரி மலையில் விளைவது. சொதிக்கு வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள், முருங்கைக்காய் மட்டும் பண்ணையிலிருந்து வரும்.

பையில் வருவது கத்தரி, வெண்டை, சீனியவரை, அவரை, புடலை, பாகல், தடியங்காய், வாழைக்காய், கீரை. தை மாதத்தில் சிறுகிழங்கும் பனங்கிழங்கும் கிடைத்தால் அதிர்ஷ்டம். சிறுகிழங்கு பருவம் கொஞ்ச நாள்தான், பண்ணைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாரம் ஒருநாள் கூட்டாஞ்சோறு என்று வைத்துக்கொண்டால் பையில் மிஞ்சிய கத்தரி, வாழைக்காய், சீனியவரை, முருங்கைக்கீரை எல்லாம் ஒரே பானையில் அடங்கிவிடும். நம் ஊர்ச் சமையல் நம் ஊர்க் காய்க்கென்றே உருவானது. பிள்ளைகள் முதல் இரண்டு வாரம் முகம் சுளிப்பார்கள். அப்புறம் சரியாகிவிடும்.

நானும் என் கணவரும் மட்டும்தான். ஒரு பை எங்களுக்கு அதிகம்.
*— கல்லிடைக்குறிச்சி வாசகி*

பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு பங்கு எடுங்கள். மிஞ்சும் சீனியவரையையும் பாகலையும் மோரும் உப்பும் போட்டு வத்தலாக்கிவிடலாம். பங்குனி வெயில் அதற்குத்தானே!

இயற்கை விவசாயம் என்கிறார்கள், ஆனால் சான்றிதழ் இல்லை. நம்பலாமா?
*— தச்சநல்லூர் வாசகர்*

சிறு விவசாயி தன் விளைச்சலைச் சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கும்போது, 2017-ஆம் ஆண்டின் இயற்கை உணவு ஒழுங்குமுறைகள் அவருக்கு விலக்கு அளிக்கின்றன. சான்று இல்லை என்பதாலேயே ஒருவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சான்று இல்லாமல் பையில் இயற்கை உணவுக்கான 'ஜைவிக் பாரத்' முத்திரை போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

சான்று வாங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, தமிழ்நாடு அரசின் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை. இன்னொன்று பங்கேற்பு உத்தரவாத முறை. அதில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதிப்பார்கள். செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிக்கு இதுதான் ஏற்றது.

எந்தத் தாளையும் விட, சொல்லாமல் ஒருநாள் தோட்டத்துக்குப் போவது மேல். மருந்து டப்பா வரப்பில் கிடக்கிறதா? மாட்டுத்தொழுவம் இருக்கிறதா? இலையில் அங்கங்கே பூச்சி கடித்த ஓட்டை இருக்கிறதா? கத்தரியில் காய்ப்புழு வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று கேளுங்கள். உண்மையாகச் செய்கிறவர் வேப்பங்கொட்டைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி, புழு விழுந்த நுனியைக் கிள்ளி எரிப்பது என்று அரைமணி நேரம் பேசுவார். "எங்கள் தோட்டத்தில் புழுவே வராது" என்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சேரன்மகாதேவி பக்கம் ஒன்றரை ஏக்கர் தோட்டமும் கிணறும் இருக்கிறது. நானே இப்படி ஆரம்பிக்கலாமா அண்ணாச்சி?
*— இளம் விவசாயி ஒருவர்*

தாராளமாக ஆரம்பியுங்கள் தம்பி. முதல் பருவத்துக்குப் பதினைந்து வீடு போதும். வீட்டுக்கு வாரம் 5 கிலோ என்றால் வாரம் 75 கிலோ, 12 வாரத்துக்கு 900 கிலோ. அரை ஏக்கரில் இது தாராளமாகத் தேறும். மிச்ச ஒரு ஏக்கரில் இப்போது செய்வதையே செய்யுங்கள். கூடுதலாக விளைவதை மகாராஜநகர் உழவர் சந்தைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு அடையாள அட்டை வேண்டும், இப்போதே விண்ணப்பித்து விடுங்கள்.

பலர் தடுமாறுவது விதைப்பில்தான். வெண்டையை ஒரே நாளில் முழுக்க விதைத்தால் 45 நாள் வாக்கில் எல்லாம் ஒன்றாகக் காய்க்க ஆரம்பித்து, உறுப்பினர்கள் மூன்று வாரம் வெண்டையாகவே தின்ன வேண்டிவரும். இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தி என்று பிரித்து விதையுங்கள். சிறுகீரை, தண்டுக்கீரை ஒரு மாதத்துக்குள் வந்துவிடும், முதல் பைகளை அவை காப்பாற்றும். கத்தரியும் பந்தல் காய்களும் பின்னால் வந்து சேரும்.

உறுப்பினர் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவோடு கலந்தால் எட்டாவது வாரத்தில் மூச்சு முட்டும். ஒரு வருஷப் பணத்தை மொத்தமாக வாங்காதீர்கள், ஒரு பருவத்துக்கு மட்டும் வாங்குங்கள். விலை வைக்கும்போது உங்கள் கூலியையும் வீட்டிலுள்ள பெண்களின் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். நம் ஊரில் அதை யாருமே எழுதுவதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். காய் குறையும் வாரத்தில் முதல் நாளே எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் படத்தோடு சொல்லிவிடுங்கள்.

காய்கறியோடு அரிசியும் இப்படி வாங்க முடியுமா?
*— மேலப்பாளையம் வாசகர்*

முடியும். பிசானம் என்கிற நம் பக்கத்து நெல் பருவத்தின் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். நடவுக்கு முன்பே விவசாயியிடம் பேசி, பாதிப் பணம் கொடுத்து, ஒரு வருஷத்துக்கான நெல்லைச் சொல்லி வைக்கலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 தடித்த அரிசி, நம் குழம்புக்குப் பொருந்தும். நெல்லாக வாங்கிக் காயவைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மூட்டை மூட்டையாக அரைத்துக்கொள்ளுங்கள். அரிசியாக மொத்தமாக வாங்கினால் ஆடிக்குள் வண்டு வைத்துவிடும்.