பாட்டிலில் அடைத்த பெரோமோன்

கேள்வி: 'பெரோமோன் கலந்த சென்ட்' என்று ஆன்லைனில் விற்கிறார்கள். பூசிக்கொண்டால் பெண்கள் தானாகவே மயங்குவார்களாம். ஒரே ஹாஸ்டலில் தங்கும் பெண்களுக்கு மாதவிலக்கு ஒரே சமயத்தில் வருவதும் பெரோமோனால்தான் என்று படித்தேன். மனிதனுக்குப் பெரோமோன் உண்டா? (பெயர் வேண்டாம், தர்மபுரி)

பதில்: வாங்காதீர்கள். ஓர் உயிர் வெளியிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றின் நடத்தையை மாற்றும் வேதிப்பொருள்தான் பெரோமோன். மனிதப் பெரோமோன் என்று நிரூபிக்கப்பட்ட வேதிப்பொருள் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

நிரூபணம் என்றால் என்ன என்பதை உங்கள் ஊர் அங்காடிக்கு வரும் பட்டுக்கூட்டை வைத்தே சொல்லலாம். உலகில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட பெரோமோன் அந்தப் பட்டுப்பூச்சியுடையதுதான். ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனன்ட் குழுவினர் ஏறக்குறைய 20 வருஷம் பாடுபட்டு, 5 லட்சம் பெண் பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். 1959-ல் அதற்கு 'பாம்பிகால்' என்று பெயர் வைத்தார்கள். அதைக் காகிதத் துண்டில் துளி தொட்டு வைத்தால் போதும், ஆண் பூச்சி சிறகு படபடக்க அந்தக் காகிதத்தையே சுற்றிச் சுற்றி வரும். பெண் பூச்சி பக்கத்தில் இருக்கவே வேண்டாம்.

சென்ட் விளம்பரங்களில் அடிபடும் ஆண்ட்ரோஸ்டாடையீனோன் என்ற வேதிப்பொருள் இப்படி எந்தச் சோதனையையும் தாண்டி வந்ததல்ல. வியாபார அக்கறை கொண்ட ஒரு நிறுவனம் 1991-ல் பாரிஸ் மாநாட்டில் அதை முன்வைத்தது. அது ஏன் பெரோமோன் என்பதற்கான ஆதாரத்தை வெளியிடவில்லை. 2017-ல் ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது, அதை முகர்ந்தவர்களுக்கு எதிர்பாலினத்தவரின் முகம் கூடுதல் அழகாகத் தெரியவில்லை. இன்னொரு பொருளான ஆண்ட்ரோஸ்டீனோன் வேலை செய்வது உண்மைதான், பன்றிகளிடம். கிடாப் பன்றியின் எச்சிலில் இருக்கிறது. பெட்டை சினைக்குத் தயாரா என்று பார்க்கப் பண்ணைகளில் அதை ஸ்ப்ரே செய்கிறார்கள்.

ஒரு பெண்ணின் மனசைக் கேட்காமலே அவளை வசப்படுத்தலாம் என்று ஆசை காட்டுகிறதே அந்த விளம்பரம், அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

மாதவிலக்கு விஷயம் 1971-ல் மார்த்தா மெக்ளின்டாக் 135 அமெரிக்க மாணவிகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. பிறகு சீனாவில் 186 மாணவிகளை ஒரு வருஷத்துக்கு மேல் கவனித்தபோது அப்படி எதுவும் தென்படவில்லை. கணக்கும் எளிது: 28 நாள் சுழற்சியுள்ள இருவரின் தேதிகள் அதிகபட்சம் 14 நாள்தான் விலக முடியும், சராசரி ஏழு. சேர்ந்து வருவது அடிக்கடி நடக்கத்தான் செய்யும், அந்த மாதங்கள்தான் ஞாபகத்திலும் நிற்கும்.

அப்படியானால் மனித உடலின் வாசனைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. பிரசவ அறையில் போய்ப் பாருங்கள். 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், தாயின் ஒரு மார்பை மட்டும் கழுவிவிட்டு, பிறந்த குழந்தையை இரண்டுக்கும் நடுவே குப்புறக் கிடத்தினார்கள். 30 குழந்தைகளில் 22 கழுவாத பக்கத்தையே தேடிப் போயின. முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் சின்னச் சின்னப் பருக்கள் போல இருக்கின்றனவே, அந்தச் சுரப்பிகளின் கசிவை மூக்கருகே காட்டினால், மூன்று நாள் சிசு வாயைக் குவித்து நாக்கை நீட்டுகிறது. பெற்ற தாயுடையதாக இல்லாவிட்டாலும் அப்படித்தான். மனிதப் பெரோமோன் என்றாவது கையில் சிக்கினால், அது இங்கேதான் சிக்கும் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் வீட்டில் யாராவது பிள்ளை பெற்றால், பால் கொடுக்குமுன் மார்பைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்கிறவர்களை மட்டும் தடுத்துவிடுங்கள்.