மலைநாட்டில் ஓடாக்ஸ் நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

200 கிலோமீற்றர் பிரெவேயில் நுவரெலியா ஏற்றமும் இருந்தால், கூடுதல் நேரம் தருவார்களா? (கம்பளை)

தரமாட்டார்கள். பிரெவே என்பது குறித்த தூரத்தை நேர எல்லைக்குள் முடிக்க வேண்டிய ஓடாக்ஸ் பயணம். சமவெளியானாலும் மலையானாலும் 200க்குப் பதின்மூன்றரை, 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணித்தியாலங்கள்தான். உங்கள் ஊரிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியா ஏறத்தாழ 55 கிலோமீற்றர். அதற்குள் 1,400 மீற்றர் உயர வேண்டும். புதியவர் ஒருவருக்கு அதற்கே ஐந்தரை மணித்தியாலம் போய்விடும் என்பதால், நாள் முழுவதற்கும் ஒரே சராசரி வேகத்தை வைத்துக் கணக்குப் போடாமல், ஏற்றம், இறக்கம், நிற்கும் நேரம் என மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஐந்து இடத்தில் இருபது நிமிடம் நின்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் தொலைந்துவிடும். காலை 5 மணிக்குப் புறப்பட்டால் நேர எல்லை மாலை ஆறரை. தொடக்கமும் முடிவும் இருட்டில்தான். எனவே 200க்கும் விளக்கு வேண்டும், கூடவே இரண்டாவது விளக்கும் வேண்டும்.

என் சைக்கிள் இதற்குப் போதுமா? (ஹட்டன்)

எந்தச் சைக்கிள், எத்தனை கியர், எந்த அளவு டயர் என்று ஒரு வார்த்தைகூட எழுதாமல் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? பொதுவாகச் சொல்வதானால், முன்னால் உள்ள மிகச் சிறிய பல்சக்கரத்தின் பற்களும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்தின் பற்களும் எண்ணிக்கையில் சமமாக இருந்தால், எங்கள் ஏற்றங்களில் இறங்கித் தள்ள வேண்டிய தேவை குறையும். டயர் 28 மில்லிமீற்றருக்குக் குறையாமலிருப்பது நல்லது. கியர் இல்லாத சைக்கிளுக்கும் விதியில் தடையில்லை, முழங்கால் உங்களுடையது. எதுவானாலும் புறப்படுமுன் இரண்டு பிரேக்குகளின் கட்டைகளையும் பாருங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கை நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் விளிம்பு சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் பலமாகப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும்.

மின்சார சைக்கிளில் வரலாமா? (தலவாக்கலை)

முடியாது. மனித வலு மட்டுமே.

இரவில் பயம் என்பதால், என் தம்பி வேனில் பின்னாலேயே வந்து வெளிச்சம் காட்டலாமா? சாப்பாடு, டியூப் எல்லாவற்றையும் வேனில் வைத்துவிட்டால் பாரமும் குறையுமே? (பண்டாரவளை)

இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் எல்லா மாதமும் வருகிறது. வேன், முச்சக்கரவண்டி, மாமாவின் மோட்டார் சைக்கிள் என்று வாகனம்தான் மாறுகிறது.

முதலில் விதி. உங்களுக்கென வரும் எவரும், நீங்கள் கடந்ததற்கு உங்கள் அட்டையில் முத்திரை குத்தும் கட்டுப்பாட்டு நிலையங்களில் மட்டுமே உதவலாம். இடைவழியில் பின்தொடர்ந்தால் உங்கள் பயணம் ஏற்கப்படாமல் போகலாம். தன் தேவையைத் தானே சுமந்து, தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்வதுதான் ஓடாக்ஸ். அது வேண்டாமென்றால் சுற்றுலா போகலாம், அதில் தவறேதுமில்லை.

விதியை விடுவோம், வீதியைப் பாருங்கள். பின்னாலிருந்து வேன் விளக்கு அடிக்கும்போது உங்கள் நிழலே உங்களுக்கு முன்னால் விழும். குழி அந்த நிழலுக்குள் இருக்கும். எல்லயிலிருந்து வெல்லவாய இறங்கும் வழியைப் போன்ற ஒடுங்கிய, வளைவுகள் நிறைந்த வீதியில், சைக்கிளின் வேகத்தில் ஊரும் வேன் ஒன்றின் பின்னால் பஸ் ஒன்று மாட்டிக்கொண்டால், அதன் சாரதி எதிரே வருவது தெரியாத வளைவிலும் முந்தப் பார்ப்பார். உங்கள் பாதுகாப்புக்கென்று வந்த தம்பி, உங்களுக்கும் அந்தப் பஸ்ஸில் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஆபத்தை உண்டாக்குகிறார்.

மூன்றாவது, எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது. வேன் இருக்கிறதென்ற நம்பிக்கையில் டியூப், பம்ப், காற்றுத் தடுப்பு ஜக்கெட் எதையும் எடுக்காமல் புறப்படுவார்கள். வேன் எங்கோ ஒரு லொறிக்குப் பின்னால் நிற்கும். காற்றுப் போன சக்கரத்தோடு இவர் பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டு நிற்பார். தொலைபேசிக்கும் சிக்னல் இருக்காது. பிறகு பின்னால் வரும் எவரோ தம் டியூபைக் கொடுத்து அனுப்ப வேண்டும். இரண்டு டியூப், ஒரு பம்ப், ஒட்டுப் பெட்டி, ஜக்கெட் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வராது. அதைக்கூடச் சுமக்க முடியாதவர் ஏன் 200 கிலோமீற்றருக்குப் பெயர் கொடுக்கிறார்?

வெளிச்சத்துக்கு, முன்னால் சைக்கிளிலேயே பொருத்திய விளக்கு ஒன்று. பையில் இரண்டாவது விளக்கு. பின்னால் மினுக்காமல் நிலையாக எரியும் சிவப்பு விளக்கு, உடம்பில் ஒளிதெறிக்கும் மேலங்கி. குளிரில் பற்றரி விரைவில் இறங்கிவிடும் என்பதால், பெட்டியில் எழுதியுள்ள மணித்தியாலங்களை நம்பாதீர்கள். தம்பி முடிவிடத்தில் காத்திருக்கட்டும்.

என்ன சாப்பிடுவது? (புசல்லாவை)

பசி எடுக்குமுன், மணித்தியாலத்துக்கு ஒரு முறையாவது, சிறிதளவு. வாழைப்பழம், பணிஸ், ரொட்டி, சீனி போட்ட பிளேன்டீ, இவை கடையிலேயே கிடைக்கும். ஏற்றத்தின் அடியில் சோறும் கறியும் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். சிறு பட்டினங்களில் கடைகள் நேரத்தோடு பூட்டிவிடுவார்கள், இரவுக்குரியதைப் பகலிலேயே வாங்கிப் பையில் வையுங்கள்.

எந்த மாதம் நல்லது? (பதுளை)

பெப்ரவரி, மார்ச். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்தை நனைக்கும். அப்போது உங்கள் ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், ஆனால் காற்று அடிக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழையும் மண்சரிவும் உண்டு. எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் போக வேண்டாம். ஈர வீதியில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். கட்டைகளைப் பாருங்கள் என்று மீண்டும் சொல்கிறேன்.

இதுவரை 60 கிலோமீற்றருக்கு மேல் ஓடியதில்லை. 2027 பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸுக்கு நேரடியாகப் போக முடியுமா? (நுவரெலியா)

முடியாது. 1891இல் பந்தயமாகத் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை நடக்கும் 1,200 கிலோமீற்றர் பயணம் அது. அதிகபட்ச நேரம் 90 மணித்தியாலம். அதே ஆண்டில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவர்களுக்கே இடம். முதலில் 100ஐ ஓடி முடித்துவிட்டு எழுதுங்கள்.

யார் முதலில் வந்தார் என்று எங்கே பார்க்கலாம்? (கண்டி)

எங்கும் பார்க்க முடியாது. இது பந்தயமன்று, நேர எல்லைக்குள் வந்தவர்கள் எல்லோரும் முடித்தவர்களே.

கட்டுப்பாட்டு நிலையத்தில் முத்திரை குத்த ஆளில்லாவிட்டால்? (வெலிமடை)

ஏற்பாட்டாளர் புறப்படுமுன் சொல்வதைக் கவனித்துக் கேளுங்கள். பெரும்பாலும் நேரம் அச்சிட்ட கடைச் சிட்டையோ, பணம் எடுக்கும் இயந்திரத்தின் சிட்டையோ ஏற்கப்படும். அட்டையையும் சிட்டைகளையும் பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். மழையில் எழுத்து அழிந்தால் அதை யாராலும் வாசிக்க முடியாது.